நஸீமாவின் ஒன்பதும் என் இரண்டும்

இல்லை, நஸீ, நான் அழவில்லை. கோபமாக இருக்கிறேன். எனக்கு இரண்டுக்கும் ஒரே குரல்தான், தொலைபேசியில் வித்தியாசமே தெரியாது என்று நீ சொல்வாய். என் தங்கமே, இது கோபம்தான்.

நாம் காத்திருந்த விளையாட்டு வந்துவிட்டது. பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அதுவும் விளம்பரம். பனி மூடிய ஒரு நிலவு, அதைச் சுற்றும் வளைய நிலையம், இன்னும் முந்நூறு ஆண்டு கழித்து யாரோ செய்யப்போகும் துப்பாக்கிகள். வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை நீ மூன்று வாரம் ஆடினாய். முழுப் பதிப்பு வந்தபோது நீ இல்லை. நீ போய் நாற்பதாம் நாள் ஓதிய ஃபாத்திஹா முடிந்து ஆறாம் நாள் அது வந்தது.

உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்வேன். பொறுத்துக்கொள். இதைப் பிறரும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. தெரியாமலேயே உன்னை நம்பத் தயாராக இருந்தார்கள். என் கோபம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆறு ஆண்டுகள். தோழிகள் இருவர், ஒரு தமிழ் இணையதளம். விளையாட்டு விமர்சனம், கயல் நஸீமா என்று இரண்டு பெயரும் சேர்ந்து. கதைக்குள் தனியாக நடக்கும் ஆட்டம் எனக்கு. உலகின் எந்த மூலையிலிருந்தோ வந்து சேரும் பதினொரு பேரோடு ஆடும் கூட்டு ஆட்டம் உனக்கு. சுபாவப்படி பிரித்துக்கொண்டோம். முகம் தெரியாதவர்கள் காதுக்குள் பேசினால் எனக்கு வியர்க்கும். யாரும் பேசாவிட்டால் உனக்கு வியர்க்கும்.

ஒருவர் எல்லைக்குள் மற்றவர் காலடி வைப்பதில்லை. எழுதி முடிக்கும்வரை மதிப்பெண்ணைச் சொல்லிக்கொள்வதில்லை. பிறகு இரண்டு உறைகளையும் மேசையில் வைத்துப் பிரிப்போம். எது குறைவோ, அது வெளியாகும்.

சராசரி போடலாமே என்று எத்தனை பேர் கேட்டார்கள்! நீ ஒரே பதில் வைத்திருந்தாய். "பாதி பிரியாணி கெட்டுப்போச்சுன்னா, நல்ல பாதியோட கூட்டி ரெண்டால வகுத்துச் சாப்பிடுவியா?"

என் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தனி ஆட்டம் நன்றாகவே இருக்கிறது. கைவிடப்பட்ட ஒரு சுரங்கம். அதில் மிஞ்சிய ஒரே ஒரு பழுதுபார்ப்பவள். அவளுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. முதல் ஒரு மணி நேரம் குறி தவறினால் அது நம் தவறல்ல, அவள் தவறு. நிலவின்மேல் காற்றில்லை. ஆகவே சத்தமில்லை. சுடும்போது உடுப்பு வழியாக எலும்புக்கு ஏறும் அதிர்வு மட்டும் கேட்கிறது. எதிரி விழுவது கேட்பதில்லை. திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். அந்த மௌனத்துக்காக ஒரு மதிப்பெண் கூடப் போட்டேன்.

குறைகளும் உண்டு. வில்லன் ஒரே உரையை நான்கு முறை நிகழ்த்துகிறான். ஐந்தாம் அத்தியாயத்தில் எதிரிகள் கதவுக்குப் பின்னால் வரிசையில் நின்று, பாலிகிளினிக்கில் எண் கூப்பிட்டதுபோல ஒவ்வொருவராக வந்து சாகிறார்கள். பத்துக்கு ஏழு என்று எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். பழக்கம். எதிரே இன்னொரு உறை இல்லை.

ஆனால் உன் மதிப்பெண் என்று ஒன்று இருந்தது. சோதனைப் பதிப்பை ஆடிவிட்டு நீ எழுதி வைத்த நான்கு பக்கம். ஒன்பது என்று முடித்திருந்தாய். ஆறு ஆண்டில் நீ ஒன்பது போட்டதே இல்லை. "எட்டுக்கு மேல குடுத்தா அவனுங்க திருந்தமாட்டானுங்க" என்பாய்.

ஏன் ஒன்பது என்று எனக்குத் தெரியும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நாற்காலி. இடக்கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக்கூடாது. நகரும் மேசைமேல் சின்னத் திரை, வலக்கையில் கன்ட்ரோலர். துப்பாக்கி விளையாட்டுகள் எல்லாம் இரண்டு கை கேட்கும். நடக்க ஒன்று, குறிபார்க்க ஒன்று. இதில் மட்டும் அமைப்புகளுக்குள் ஒரு வரி இருந்தது: ஒற்றைக் கை. அதைத் தொட்டால் கட்டைவிரலால் நடக்கலாம், மணிக்கட்டைச் சாய்த்துக் குறிபார்க்கலாம். குறி கொஞ்சம் தப்பினால் விளையாட்டே தாங்கிப் பிடிக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு வரியால் நீ நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினாய்.

உன் நான்கு பக்கத்தில் அதைப்பற்றி இரண்டே வாக்கியம். "இதில் நான் யாருக்கும் பாரமில்லை. ஏன் மெதுவாக இருக்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை." மீதியெல்லாம் வளைய நிலையம். நிலையம் சுழலும்போது இடப்பக்கச் சுவர் தரையாகிவிடும் என்பதை அணியில் முதலில் கண்டுபிடித்தது நீதான் என்ற பீற்றல் மட்டும் ஒரு முழுப் பக்கம். ஆட்டத்தில் உன் பெயர் "கிட்னி காலி". ஜொகூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் அந்தப் பெயரைக் கூவி உதவிக்குக் கூப்பிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கூப்பிட்டவர்களுக்கு அது நகைச்சுவை. உனக்கு அது மருத்துவ அறிக்கை.

இனி ராகவன். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தளத்தை ஆரம்பித்தவன், நம் ஆசிரியன், மற்ற நேரத்தில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலை. கெட்டவன் அல்ல. சுவா சூ காங் அடக்கத்தலத்தில் உன் கபுருக்கு மண் போட்டவர்களில் அவனும் ஒருவன். போன ஞாயிறு மத்தியானம் லிட்டில் இந்தியாவில், நாம் மூவரும் உட்காரும் தோசைக் கடைக்கு என்னை வரச்சொன்னான். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்.

உன் முகம். பின்னால் விண்மீன்கள். கீழே தங்க நிற எழுத்தில்: அவளுடைய கடைசி ஒன்பது.

"எப்படி இருக்கு?"

"நட்சத்திரம் எதுக்கு?"

"ஸ்பேஸ் கேம் லா. வேற என்ன போடுறது, வாழை மரமா?"

"ராகவன், இது சோதனைப் பதிப்புக்கு அவ போட்ட ஒம்போது."

"ஸோ? ரெண்டு மாசத்துல என்ன மாறிடப் போவுது? மேப் அதே, கன் அதே. உன் சோலோவுக்கு ஏழு, அவ மல்டிபிளேயருக்கு ஒம்போது, சேர்த்து எட்டு. செவ்வாக்கிழமை பன்னண்டு மணிக்கு ஏத்துறோம். கேம் கம்பெனிக்காரனே ஷேர் பண்றேன்னுட்டான். அவ பேரு எங்கெல்லாம் போகும் தெரியுமா?"

"நாம சராசரி போடுறதில்ல."

"இந்த ஒரு தடவை, கயல். அவளுக்காக லா."

தோசை ஆறிக்கொண்டிருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஒற்றைக் கை வசதி முழுப் பதிப்பில் இருக்கிறதா? அவனுக்குத் தெரியவில்லை. "நீதான விளையாடுற? நீயே பாத்துச் சொல்லு" என்றான்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தனி ஆட்டம். அமைப்புகள். ஒற்றைக் கை. இருந்தது. தொட்டேன், வேலை செய்தது. ராகவனுக்குச் செய்தி அனுப்பினேன்: இருக்கிறது, போடு.

போடு என்று எழுதியவள் நான், நஸீ. இதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. ஆறு ஆண்டாகக் கூட்டு ஆட்டத்தின் கதவைத் தொடாதவள், அன்றைக்கும் தொடவில்லை. அது உன் எல்லை. அதற்குள் போவது உன் அலமாரியைத் திறப்பதுபோல இருந்தது. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைப்பது எவ்வளவு சுலபம்!

திங்கள் காலை உன் பீற்றல் பக்கத்தை மறுபடி படித்தேன். அந்தச் சுவரை ஒருமுறை பார்த்துவிடத் தோன்றியது. நீ பார்த்ததுபோலவே. இடக்கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கூட்டு ஆட்டத்தைத் திறந்தேன். அமைப்புகள். அந்த வரி அங்கேயும் இருந்தது. சாம்பல் நிறத்தில். தொட்டேன். அசையவில்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: நியாயமான போட்டிக்காக, இந்த வசதி தனி ஆட்டத்தில் மட்டும்.

நியாயமான போட்டி.

யாருக்கு நியாயம்? ஒரு கைக்காரியை விளையாட்டு கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. இரண்டு கைக்காரர்கள் சிலர் அவளிடம் தோற்றார்கள். தோற்றவர்கள் புகார் எழுதினார்கள். தேடிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அங்கேயே கிடக்கின்றன. இரண்டு கை நன்றாக இருப்பவர்களும் அந்த வசதியைப் போட்டுக்கொண்டு ஏமாற்றுகிறார்களாம். ஏமாற்றியிருக்கலாம். அப்படியானால் ஏமாற்றுகிறவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது கஷ்டம். ஒரு வரியைச் சாம்பலாக்குவது சுலபம்.

உன்னிடம் தோற்ற எவனாவது அதில் எழுதியிருப்பானா? கிட்னி காலி என்ற பெயரிடம் தோற்றதை எந்த வார்த்தையில் எழுதியிருப்பான்?

அடியோடு எடுத்துவிட்டோம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கொதித்திருக்கமாட்டேன். வைத்திருக்கிறார்கள், நஸீ. தனி ஆட்டத்தில் வைத்துவிட்டு, எல்லோருக்குமான விளையாட்டு என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். நீ தாராளமாக ஆடலாம். தனியாக ஆடு. யந்திரங்களைச் சுடு, அவை புகார் எழுதாது. மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு மட்டும் வராதே. நான் ஒரு மதிப்பெண் கூடப் போட்டு மெச்சினேனே, அந்த மௌனம், அதற்குள் உன்னைத் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அந்தக் கதவின்மேல் உன் படத்தையும் உன் ஒன்பதையும் மாட்டப் பார்த்தோம், ராகவனும் நானும்.

அவனைக் கூப்பிட்டேன்.

"ஒம்போதை எடு."

"ஏன்? நேத்து நீதான போடுன்ன?"

சொன்னேன்.

"கயல், ஒரு செட்டிங். ஒரே ஒரு செட்டிங். எத்தன பேரு அத யூஸ் பண்றான்?"

"நஸீமா அந்த செட்டிங்லதான் இருந்தா."

"அவ இப்போ…" என்று தொடங்கி நிறுத்தினான். நல்லவேளை நிறுத்தினான். பிறகு குரல் மாறிச் சொன்னான்: "அவங்க உம்மாகிட்ட காட்டிட்டேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா? நீயே போய்ச் சொல்லு, உங்க மகளோட ஒம்போதைக் கிழிக்கப்போறேன்னு. அவங்க சரின்னா எடுக்கிறேன்."

வேலைக்கு விடுப்புச் சொன்னேன். புக்கிட் பாத்தோக்கில் ரயில் ஏறி, நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவில் உன் வீடு. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் மறுபடி எழமாட்டேன் என்று தோன்றியது.

உன் வாப்பா கடைக்குப் போயிருந்தார். உம்மா மட்டும். உன் அறைக் கதவு திறந்திருந்தது. நான் உள்ளே பார்க்கவில்லை.

"வா புள்ள. மெலிஞ்சு போயிட்டியே. ரொட்டி ஜாலா சுட்டேன், உக்காரு." உட்காருவதற்குள் கைபேசியை நீட்டினார். "பாத்தியா, ராகவன் தம்பி அனுப்புச்சு. நட்சத்திரமெல்லாம் போட்டு. சொந்தக்காரவங்க எல்லாத்துக்கும் அனுப்பிட்டேன்."

சொன்னேன். கோணல்மாணலாகத்தான் சொன்னேன். உம்மாவின் கை கைபேசியை மெல்லக் கவிழ்த்து வைத்தது.

"அப்ப அவ போட்ட ஒம்போது பொய்யா?"

"பொய் இல்ல உம்மா. அவ விளையாடினப்போ அது ஒம்போதுதான்."

"அப்பறம் என்ன? அந்தப் புள்ள கடைசியா வாய்விட்டுச் சிரிச்சதே அதுலதான். நாலு மணி நேரமும் நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? 'டேய், செவுத்துல ஏறுங்கடா'ன்னு கத்துவா. நர்ஸு ஓடிவந்து, நஸீமா, பிரஷர் ஏறுதுன்னு திட்டும். அதையும் அழிக்கணுமா ஒனக்கு? நீயும் கூட்டாளின்னு வேற சொல்லிக்கிட்டு."

பைக்குள் திரையும் கன்ட்ரோலரும் இருந்தன. அவற்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். கூட்டு ஆட்டத்தின் அமைப்புகளைத் திறந்து, ஒற்றைக் கை வரியைக் காட்டி, கன்ட்ரோலரை உம்மாவிடம் கொடுத்தேன். வலக்கையில் வாங்கினார். யாரும் சொல்லாமலே இடக்கையை மேசைமேல் மல்லாக்க வைத்துக்கொண்டார். மூன்று ஆண்டு பார்த்துப் பழகிய கை.

"எழுத்து மங்கலா இருக்கே."

"அது வேலை செய்யாது உம்மா. பூட்டிட்டாங்க."

அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மூன்றாம் முறை அழுத்தியபோது என்னால் பார்க்க முடியவில்லை.

"நாங்க மொத இருந்த பழைய புளோக்குல லிஃப்டு எங்க மாடியில நிக்காது" என்றார், திரையைப் பார்த்தபடியே. "படி ஏறித்தான் போகணும். சரி, பழைய கட்டடம், அப்படித்தான் கட்டுனாங்கன்னு இருந்தோம். இது அப்படி இல்லையே. நின்னுக்கிட்டிருந்த லிஃப்டை, இனிமே நிக்காதேன்னுல்ல சொல்லிருக்கானுவ."

"ஆமா உம்மா."

கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு உம்மாவே கேட்டார். "டயாலிசிஸ்ல ஏழாம் நாற்காலி அங்கிளைத் தெரியுமா ஒனக்கு? சீன அங்கிள். டாக்ஸி ஓட்டினவரு. இவ ஆடுறதைப் பாத்துப் பாத்து அவருக்கும் ஆசை. நஸீமா எழுதட்டும், அவ நல்ல மார்க் போட்டா நானும் வாங்குறேன்னாரு. அவருக்குத் தமிழ் தெரியாது புள்ள. நம்பர் தெரியும்."

நான் யோசிக்காத இடம் அது. உன் நான்கு பக்கத்தைப் படிக்காமல், அந்த ஒற்றை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வரப்போகிறவர்கள். ஊசி குத்திய கையோடு. உன் பெயரை நம்பி வாங்கி, அந்தச் சாம்பல் வரியை ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை அழுத்தப்போகிறவர்கள்.

"நம்பரை எடு" என்றார் உம்மா. "அவ எழுதுனத விடு. ராகவன்கிட்ட நான் பேசுறேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ இதுல ஆடிப் பாத்தியா?"

"இல்ல உம்மா. பூட்டியிருக்கிறதைப் பாத்தேன், அவ்வளவுதான்."

"ஆடாமலே வந்து எங்கிட்ட நியாயம் பேசுனியா? அவ ஆடாம ஒரு நம்பரும் போட்டதில்ல. மொத ஆடு. ரொட்டி ஜாலாவைச் சாப்ட்டுட்டுப் போய் ஆடு."

திங்கள் பிற்பகல் தொடங்கினேன். இன்று செவ்வாய் காலைவரை பன்னிரண்டு ஆட்டம். இடக்கை மேசைமேல். வாழ்க்கையில் முதல்முறையாக ஒலிவாங்கியைத் திறந்து வைத்தேன். வியர்த்தது.

தாங்கிப் பிடிக்கும் வரி இல்லாமல் ஒரு கையால் ஆடினால் என்ன ஆகும்? நடந்தால் குறிபார்க்க முடியாது. குறிபார்த்தால் நடக்க முடியாது. நின்றபடி சாகலாம், அல்லது சுவரில் முட்டிக்கொண்டு சாகலாம். இரண்டையும் செய்தேன்.

"யாருப்பா இது, போஸ்ட் கம்பம் மாதிரி நிக்கிறது?"

"ப்ரோ, தூங்கிட்டியா ப்ரோ?"

"இவன் கை இல்லாம ஆடுறானா?"

மூன்றாம் ஆட்டத்தில் பேசிவிட்டேன், நஸீ. "ஒரு கை இருக்கு" என்றேன். பெண் குரல் வந்ததும் கிண்டல் நின்றது. அப்புறம் ஒருவன், பணிவாகத்தான், சொன்னான்: "அக்கா, அப்ப சோலோ மோடு இருக்கில்ல? அதுல போய் ஆடுங்களேன். எங்களுக்கு ரேங்க் போவுதுக்கா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விளையாட்டு சின்ன எழுத்தில் சொன்னதை அவன் மரியாதையாகத் திருப்பிச் சொன்னான்.

அடுத்து திரையில் ஒரு கேள்வி எழுந்தது. இவரை அணியிலிருந்து நீக்கலாமா? என் அணியின் மற்ற ஐந்து பேரும் ஆம் என்றார்கள். பன்னிரண்டில் எட்டு ஆட்டம் இப்படி முடிந்தது. நீக்கும்போது இனிமையாக ஒரு மணி ஒலிக்கிறது. யாரோ உட்கார்ந்து அதற்கு இசை அமைத்திருக்கிறார்கள். நாலைந்து மணியைக் கேட்டுப் பார்த்து, இதுதான் நன்றாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஆடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கொஞ்சம்தான். தோற்பதற்கென்று யாரும் வருவதில்லை. ஒரு கைக்காரியைப் பாரமாக்கியது அவர்கள் அல்ல. தாங்கிப் பிடித்த வரியை அணைத்துவிட்டு, நீக்கும் பொத்தானை மட்டும் பளிச்சென்று எரியவிட்டார்களே, அவர்கள்.

ஒன்பதாம் ஆட்டத்தில் அந்தச் சுவரைப் பார்த்தேன். நிலையம் சுழன்றது. இடப்பக்கம் மெல்லச் சாய்ந்து, சாய்ந்து, காலடிக்கு வந்தது. உண்மைதான். நான் தனியாக அறைக்குள் சத்தம்போட்டுச் சிரித்தேன். அடுத்த நொடியே செத்தேன். ஆறு ஆண்டாக நீ எங்கே போய்க் கத்திவிட்டு வந்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் ஏன் என்னைக் கூப்பிடவில்லை? கூப்பிட்டாய். நான்தான் வரவில்லை, இல்லையா?

இரண்டு மதிப்பெண். இரண்டும் அந்தச் சுவருக்கு. மீதி எட்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

தனி ஆட்டத்துக்கு ஏழு. கூட்டு ஆட்டத்துக்கு இரண்டு. நம் வழக்கப்படி இரண்டுதான் வெளியாக வேண்டும். காலை பத்து மணிக்கு ராகவனிடம் சொன்னேன்.

"ரெண்டா! கயல், ஒம்போதைத் தூக்கியாச்சு. நேத்து உம்மா போன்ல பேசி என்னை அழவெச்சுட்டாங்க. அது போதாதா? உன் ஏழை மட்டும் போடுவோம். மல்டிபிளேயர் பாக்கலன்னு எழுதிடுவோம்."

"பாத்துட்டேன். பன்னண்டு தடவை."

"இனிமே கம்பெனிக்காரன் நமக்கு முன்கூட்டியே கேம் அனுப்பமாட்டான்."

"கடையில வாங்கிக்கலாம்."

"செத்துப்போனவளுக்காகப் பழிவாங்குறான்னு சொல்வானுங்க லா."

"சொல்லட்டும். அந்த வரிய ஒரு தடவ அழுத்திப் பாத்துட்டுச் சொல்லட்டும்."

வைத்துவிட்டான். பிறகு ஒரு செய்தி வந்தது: பன்னிரண்டு மணிக்கு ஏழு என்றுதான் ஏற்றுவேன்.

தளத்தைத் திறக்கும் கடவுச்சொல் மூன்று பேரிடம் இருந்தது. இப்போது இரண்டு பேரிடம். அவன் பன்னிரண்டுக்குக் காத்திருக்கிறான். நான் காத்திருக்கப்போவதில்லை. விமர்சனம் என்று தனியாக ஒன்று எழுதவில்லை, நஸீ. இந்தக் கடிதம்தான் அது. என் பெயரில் மட்டும். உன் நான்கு பக்கமும் கீழே இருக்கும், ஒரு எழுத்து மாறாமல், எண் இல்லாமல். மேலே ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: நஸீமா ஆடிய விளையாட்டு இப்போது விற்பனையில் இல்லை.

உம்மா வியாழக்கிழமை டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகிறார். நீ இல்லாமல் அங்கே போவது முதல்முறை. மீன் கட்லட்டு செய்து எடுத்துப் போகிறாராம், ஏழாம் நாற்காலிக்குச் செய்தி சொல்ல. சீனத்தில் இரண்டை எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டார். விரலைக் காட்டினால் போதும் என்றேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி எந்த விளையாட்டையும் கூட்டத்திலிருந்தே தொடங்குவேன். ஒரு கையால் தொடங்குவேன். காதைத் திறந்து வைத்துக்கொண்டு, வியர்த்தாலும் சரி, யார் என்னைப் போகச் சொன்னாலும் சரி, நீக்கும் மணி ஒலிக்கும்வரை அங்கேயே நிற்பேன். உன் பெயரை எவனும் கதவில் மாட்டும் பலகையாக்க விடமாட்டேன். நான் உட்பட.

பதினொரு மாதம் மூத்தவள் என்று நீ ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத உன் அக்கா,
கயல்

பதினொன்று ஐம்பதுக்கு இதை ஏற்றினேன். பக்கம் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன். ராகவன் கூப்பிட்டான். எடுத்தேன். "ரெண்டுதான்" என்றேன்.